ஐரோப்பிய ஆணையத்தில் யாருக்கு எந்த இலாகா?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள், அதன் அமைச்சரவை மாதிரியான ஆணையத்தில் நாட்டுக்கு ஒருவராக 27 பேர். இவர்களுக்குள் இலாகாக்களைப் பிரிப்பது யார்? பெரிய நாட்டுக்குத்தான் பெரிய இலாகாவா? ஒருமுறை கிடைத்த இலாகா அந்த நாட்டுக்கே சொந்தமாகிவிடுமா?

சட்டப்படி பார்த்தால் விடை சின்னது. ஆளை அனுப்புவது நாடு, இலாகா கொடுப்பது ஆணையத் தலைவர், மொத்தக் குழுவுக்கும் ஒப்புதல் தருவது ஐரோப்பிய நாடாளுமன்றம். எந்த நாடும் ஒரு இலாகாவுக்கு உரிமை கோர முடியாது. ஆனால் நடப்பில் எல்லா நாடுகளும் கோருகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் மொத்த ஆட்டமும் நடக்கிறது.

நம் ஊர் அமைச்சரவையை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் ஒரு இடத்தில் தடுக்கும். முதலமைச்சர் தன் அமைச்சர்களைத் தானே பொறுக்கி எடுப்பார். ஆணையத் தலைவருக்கு அந்த வசதி கிடையாது. 27 தலைநகரங்கள் அனுப்பும் 27 பேரை வைத்துத்தான் அவர் குடும்பம் நடத்த வேண்டும். அவர்களில் அவருடைய கட்சிக்காரர்களும் இருப்பார்கள், எதிர்க்கட்சிக்காரர்களும் இருப்பார்கள், அவரை அடியோடு பிடிக்காத அரசுகள் அனுப்பியவர்களும் இருப்பார்கள். சமையல்காரர் நல்லவர்தான், காய்கறி வாங்கி வருவது மட்டும் அடுத்த வீட்டுக்காரர்கள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஆணையர் பதவியேற்றதும் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய், எந்த அரசிடமிருந்தும் உத்தரவு வாங்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். தன்னை அனுப்பிய அரசும் இதில் அடக்கம். வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். 1985இல் பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர் அனுப்பிய ஆர்தர் காக்ஃபீல்டுக்கு உள்சந்தை இலாகா கிடைத்தது. அவர் உட்கார்ந்து ஏறத்தாழ 300 சட்டங்களுக்கான வெள்ளை அறிக்கையைத் தயாரித்தார். 1992க்குள் எல்லைத் தடைகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்பது திட்டம். நம்ம ஆள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று தாட்சருக்குக் கோபம். அடுத்த முறை அவர் பெயரை அனுப்பவில்லை. இன்று ஐரோப்பா தன் பெரிய சாதனை என்று சொல்லிக்கொள்ளும் ஒற்றைச் சந்தையின் வரைபடம், அந்த இலாகாவிலிருந்து வந்ததுதான்.

அந்தக் காலத்தில் தலைவரின் கை இவ்வளவு ஓங்கியிருக்கவில்லை. 1958இல் ஆணையம் தொடங்கியபோது 6 நாடுகள், 9 ஆணையர்கள். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலிக்கு இரண்டிரண்டு பேர், மற்றவற்றுக்கு ஒவ்வொருவர். இலாகாக்களை அவர்களே கூடிப் பேசிப் பிரித்துக்கொள்வார்கள். அப்போது வேளாண் இலாகாவை எடுத்த டச்சுக்காரர் சிக்கோ மான்ஸ்ஹோல்ட், 1972 வரை அதை விடவே இல்லை. பின்னாளில் ழாக் டெலோர் தலைவரானபோதும், பதவியேற்பதற்கு முன்பே எல்லாரையும் பாரிஸுக்கு அருகே ஒரு பழைய மடாலயத்துக்கு அழைத்துப்போய் உட்காரவைத்துப் பேசித்தான் காரியத்தை முடித்தார்.

நிலைமை மாறியதற்குக் காரணம் ஒரு அவமானம். 1999 மார்ச்சில் ஜாக் சாந்தேர் தலைமையிலான ஆணையம் முழுவதுமாக ராஜினாமா செய்தது. முறைகேட்டுப் புகாரில் முக்கியமாக அடிபட்டவர் பிரெஞ்சு ஆணையர் எதித் கிரெசோன். அவர் விலக மறுத்தார், விலக்கும் அதிகாரம் தலைவருக்கு இல்லை. ஒருவரை அனுப்ப முடியாமல் வீடே காலியானது. அதற்குப் பிறகு வந்த ரோமானோ புரோடி, கேட்டால் விலகுவேன் என்ற வாக்குறுதியை ஒவ்வொரு ஆணையரிடமும் வாங்கினார். ஒன்றியத்துக்கு அரசியல் சட்டம் மாதிரி இருப்பவை நாடுகள் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள். அந்த வாக்குறுதி நீஸ் ஒப்பந்தத்தில் விதியானது, 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தில் இன்னும் இறுகியது. இன்றைக்கு யாருக்கு எது, யார் துணைத் தலைவர், பாதியில் எதை யாரிடமிருந்து எடுப்பது என்பதெல்லாம் தலைவர் கையில். ஒரே விலக்கு வெளியுறவு உயர் பிரதிநிதி. அவரை நாட்டுத் தலைவர்களின் ஐரோப்பிய கவுன்சில் தேர்ந்தெடுக்கிறது. எஸ்தோனியாவின் காயா கல்லாஸ் இப்போது அந்த இடத்தில் இருப்பது அப்படித்தான்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பேரம் ஏன் நடக்கிறது? 2024ஐப் பார்த்தால் புரியும்.

அந்த ஜூலை 18 அன்று உர்சுலா வான் டெர் லேயன் 401 வாக்குகளோடு இரண்டாம் முறை தலைவரானார். நாடுகளுக்குக் கடிதம் போனது: ஒரு ஆண், ஒரு பெண் என்று இரண்டு பெயர் அனுப்புங்கள், இருக்கும் ஆணையரையே திரும்ப அனுப்புவதானால் ஒரு பெயர் போதும். இரண்டு பெயர் அனுப்பிய நாடு பல்கேரியா மட்டும். மற்ற நாடுகள் ஒரே பெயரை அனுப்பிவிட்டு, அதிலும் பெரும்பாலும் ஆணின் பெயரை அனுப்பிவிட்டு, சும்மா இருந்தன. ஒப்பந்தப்படி இரண்டு பெயர் கேட்க அவருக்கு உரிமை இல்லை என்பது அவற்றுக்குத் தெரியும். அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் இலாகாதான். பெண்ணை அனுப்பினால் கனமான இலாகா என்ற பேச்சு பரவியது. ருமேனியாவும் ஸ்லோவேனியாவும் அறிவித்த ஆணின் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பெண்ணை அனுப்பின. ருமேனியாவின் ரோக்சானா மின்சாட்டு செயல் துணைத் தலைவரானார். ஸ்லோவேனியாவின் மார்த்தா கோஸுக்கு ஒன்றிய விரிவாக்கம் கிடைத்தது. கடைசிக் கணக்கில் 27 பேரில் 11 பெண்கள்.

பிரான்ஸ் விஷயம் இன்னும் காரசாரம். பழைய ஆணையர் தியரி பிரெத்தோனையே பிரான்ஸ் அதிபர் மக்ரோன் மறுபடி முன்மொழிந்திருந்தார். வான் டெர் லேயனுக்கும் பிரெத்தோனுக்கும் ஆகாது என்பது, ஆணையம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். குழுவை அறிவிப்பதற்கு முதல் நாள், செப்டம்பர் 16 காலை, பிரெத்தோன் எக்ஸ் தளத்தில் ஒரு படம் போட்டார். சட்டகம் இருக்கிறது, உள்ளே ஓவியம் இல்லை. அடுத்த ஆட்சிக்காலத்துக்கான என் அதிகாரபூர்வப் படம் என்று குறிப்பு. பின்னாலேயே ராஜினாமா கடிதம். அதில் அவர் சொன்ன குற்றச்சாட்டு: என் பெயரைத் திரும்பப் பெற்றால் பிரான்ஸுக்கு இன்னும் செல்வாக்குள்ள இலாகா தருவதாகத் தலைவர் பாரிஸிடம் பேசினார். பாரிஸ் அன்றே ஸ்டெஃபான் செஜூர்னேயின் பெயரைக் கொடுத்தது. மறுநாள் அவர் தொழில் கொள்கைக்கான செயல் துணைத் தலைவர். நாட்டுக்கு இலாகா கிடையாது என்று சட்டம் சொல்கிறது. ஆள் மாறியும் பிரான்ஸின் கையில் கனம் குறையவில்லையே என்றால், அதுதான் நடப்பு.

அடுத்து, எது பெரிய இலாகா? பத்திரிகைகள் தலைப்பைப் பார்த்து எடை போடும். நான் மூன்றைப் பார்ப்பேன்: பணம் இருக்கிறதா, தடுக்கும் அதிகாரம் இருக்கிறதா, சொந்தமாகத் தலைமை இயக்குநரகம் இருக்கிறதா. தலைமை இயக்குநரகம் என்பது நம் ஊர்ச் செயலகத் துறை மாதிரி. அதிகாரிகளும் கோப்புகளும் அங்கேதான். அது இல்லாத ஆணையர் கல்யாண வீட்டில் மாலை மட்டும் போட்டுக்கொண்டு நிற்பவர்.

பணம் என்றால் வேளாண்மையும் பிராந்திய மேம்பாடும். ஒன்றியத்தின் செலவில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் போய்விடும். தடுக்கும் அதிகாரம் என்றால், நிறுவனங்களுக்கு இடையிலான வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டித்துறை. இதைத்தான் உண்மையான பசையுள்ள இலாகா என்பேன், பசை பணமல்ல என்றாலும். 2001இல் இத்தாலிக்காரர் மாரியோ மோன்டி இந்த இலாகாவில் இருந்தபோது, ஜெனரல் எலக்ட்ரிக், ஹனிவெல் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் இணைப்பையே ஐரோப்பா நிறுத்தியது. 2019 பிப்ரவரியில் டென்மார்க்கின் மார்கிரேத் வெஸ்டேயர், சீமென்ஸ், ஆல்ஸ்டம் ரயில் பிரிவுகளின் இணைப்பை நிறுத்தினார். ஜெர்மனியும் பிரான்ஸும் சேர்ந்து விரும்பிய இணைப்பு அது. அவரே 2016இல் ஆப்பிள் நிறுவனம் அயர்லாந்துக்கு 1,300 கோடி யூரோ வரி பாக்கி கட்ட வேண்டும் என்றார். வாங்க வேண்டிய அயர்லாந்தே வேண்டாம் என்று வழக்குப் போட்டது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வெஸ்டேயர் பக்கம் நின்றது. 60 லட்சம் பேர் உள்ள நாட்டுக்காரர் இதையெல்லாம் செய்ய முடிந்தது என்றால், பெரிய நாடு, பெரிய இலாகா என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கே இருக்கிறது.

சின்ன இலாகா என்று பெயர் எடுத்தவையும் கடிக்கும். மீன்வளத்தைப் பிரஸ்ஸல்ஸில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் 2014இல் அந்த இலாகாவிலிருந்த கிரேக்க ஆணையர் மரியா தமனாக்கி, சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று இலங்கை மீதான தடைக்கு வழி திறந்தார். 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பியச் சந்தை மூடப்பட்டது. 2016 ஜூனில்தான் திறந்தது. அந்த ஒன்றரை ஆண்டும் இலங்கையின் ஏற்றுமதியாளர்கள் யாரும் அதைச் சின்ன இலாகா என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆட்களுக்கு ஏற்ப இலாகா இல்லை என்பது இன்னொரு தலைவலி. நாடுகள் சேரச் சேர நாற்காலி கூடுகிறது, வேலை கூடுவதில்லை. 2007இல் பல்கேரியாவும் ருமேனியாவும் சேர்ந்தபோது, சுகாதாரத்திலிருந்து நுகர்வோர் பாதுகாப்பைக் கிள்ளி ஒருவருக்கும், கல்வியிலிருந்து மொழிகளைக் கிள்ளி இன்னொருவருக்கும் கொடுத்தார்கள். ருமேனியாவின் லெயோனார்ட் ஓர்பான் பன்மொழிக்கென்றே ஒரு ஆணையரானார். சிரித்தவர்கள் நிறைய. அன்று ஒன்றியத்தின் அலுவல் மொழிகள் 23 என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், மொழிக்காக ஓர் ஆணையர் இருப்பதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த இலாகா நிலைக்கவில்லை. 2013இல் குரோஷியா வந்தபோது நுகர்வோர் பாதுகாப்பு மறுபடி வெட்டி எடுக்கப்பட்டு அவர்களுக்குப் போனது.

ஆணையர் எண்ணிக்கையை நாடுகளின் மூன்றில் இரண்டு பங்காகக் குறைப்பது என்று லிஸ்பன் ஒப்பந்தத்தில் எழுதியும் வைத்தார்கள். 2008 ஜூனில் அயர்லாந்து மக்கள் வாக்கெடுப்பில் ஒப்பந்தத்தையே தள்ளிவிட்டார்கள். நம் ஆணையர் போய்விடுவார் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். நாட்டுக்கு ஒருவர் தொடரும் என்று வாக்குக் கொடுத்த பிறகு, 2009 அக்டோபரில் மறு வாக்கெடுப்பில் அது தேறியது. குறைப்பு விதி இன்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது, நாட்டுத் தலைவர்கள் அதை ஒத்திவைத்துக்கொண்டே போகிறார்கள்.

குறைக்க முடியாது என்றான பிறகு அடுக்கினார்கள். 2014இல் ஜான்-குளோட் யுங்கர் ஏழு துணைத் தலைவர்களை வைத்து, மற்ற ஆணையர்களை அவர்களுக்குக் கீழே குழுக்களாகக் கட்டினார். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அப்போது பிரான்ஸ் பொருளாதார இலாகாவைக் கேட்டது. பட்ஜெட் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியை மீறிக்கொண்டிருந்த நாடு பிரான்ஸ். அனுப்பிய ஆளோ அந்த நாட்டின் முன்னாள் நிதியமைச்சர் பியர் மோஸ்கோவிசி. பாலுக்குப் பூனை காவலா என்று ஜெர்மனியில் கூச்சல். யுங்கர் இலாகாவைக் கொடுத்தார். தலைக்கு மேலே யூரோ விவகாரத் துணைத் தலைவராக, சிக்கனத்துக்குப் பேர்போன லாத்வியாவின் வால்திஸ் தொம்ப்ரோவ்ஸ்கிஸை உட்காரவைத்தார். அதே யுங்கர்தான் லண்டன் நிதிச் சந்தையைக் கண்காணிக்கும் இலாகாவை பிரிட்டன்காரர் ஜோனதன் ஹில்லிடம் கொடுத்தவர். வேலையை விரும்புகிறவனிடமே கசப்பு மருந்தையும் கொடுத்து, அவன் ஊருக்கு அவனையே புகட்டச் சொல்லும் முறை.

வான் டெர் லேயன் இதைக் குழப்பத்தின் கலையாகவே ஆக்கிவிட்டார். ஒவ்வொரு ஆணையருக்கும் அவர் எழுதிய பொறுப்புக் கடிதங்கள் பொதுவெளியில் உள்ளன. தலைப்பை விட்டுவிட்டு, யாருடைய வழிகாட்டலில், யாருடன் சேர்ந்து என்ற வரிகளைத் தேடிப் படியுங்கள். லித்துவேனியாவின் ஆந்திரியுஸ் குபிலியுஸ் ஒன்றிய வரலாற்றில் முதல் பாதுகாப்பு ஆணையர். ஒன்றியத்துக்குப் படை கிடையாது, எனவே அவர் பார்ப்பது ஆயுதத் தொழிலும் கொள்முதலும். அதையும் பின்லாந்தின் ஹென்னா விர்க்குனன் வழிகாட்டலில், காயா கல்லாஸுடன் இணைந்து செய்ய வேண்டும். பட்ஜெட்டைப் பார்க்கும் போலந்தின் பியோத்ர் செராஃபினுக்கோ நடுவில் யாரும் இல்லை, நேரே தலைவரிடம். தலைப்பில் செயல் துணைத் தலைவர் என்ற அலங்காரம் அவருக்கு இல்லை. எனக்குத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவருடைய நாற்காலியைத்தான் கேட்பேன். ஒரே விஷயத்தில் மூன்று பேரின் கை இருந்தால், மூன்று பேரும் கடைசியில் தீர்ப்புக்கு வர வேண்டிய இடம் ஆணையத்தின் தலைமையகமான பெர்லேமோன் கட்டடத்தின் 13ஆம் மாடி. தலைவரின் அலுவலகம் அங்கேதான். அதை ஒட்டிய 25 சதுர மீட்டர் அறையில்தான் வான் டெர் லேயன் தங்கவும் செய்கிறார்.

நாடாளுமன்றத்தின் பங்கைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். ஒவ்வொருவரையும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். முறைப்படி முழுக் குழுவையும் ஏற்கலாம் அல்லது தள்ளலாம், ஒருவரை மட்டும் தள்ள முடியாது. ஆனால் மொத்தத்தையும் தள்ளிவிடுவோம் என்று மிரட்டினால் ஒருவர் கழன்றுவிடுவார். 2004இல் இத்தாலியின் ரொக்கோ புத்திலியோனேவுக்கு நீதித்துறை ஒதுக்கப்பட்டது. தன்பால் உறவைப் பாவம் என்று கருதுவதாக அவர் விசாரணையில் சொல்ல, விசாரித்த நாடாளுமன்றக் குழு 27க்கு 26 என்று எதிராக வாக்களித்தது. ஆணையத் தலைவராக வரவிருந்த பரோசோ தன் முழுக் குழுவையும் திரும்பப் பெற்றார். புது இத்தாலியர் வந்தார், லாத்வியா ஆளை மாற்றியது, எரிசக்திக்குத் தேறாத ஹங்கேரிக்காரர் வரித்துறைக்கு மாற்றப்பட்டார், எரிசக்தி லாத்வியாவுக்குப் போனது. ஒரு செங்கல்லை உருவினால் நாலு செங்கல் இடம் மாறும்.

ஆளை விட்டுவிட்டு இலாகாவை மட்டும் கத்தரிப்பதும் உண்டு. 2014இல் ஹங்கேரியின் திபோர் நவ்ராசிச் கல்வி, கலாசாரத்தோடு குடியுரிமையையும் பெறுவதாக இருந்தது. அன்றைய ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பானின் அரசில் நீதியமைச்சராக இருந்தவரிடம் குடியுரிமையா என்று நாடாளுமன்றம் கேட்க, அந்தப் பகுதி மட்டும் வேறொருவருக்குப் போனது. 2019இல் இடம்பெயர்வைக் கவனிக்கும் இலாகாவுக்கு “ஐரோப்பிய வாழ்முறையைப் பாதுகாத்தல்” என்று பெயர் வைத்துப் பெரிய சண்டை. வருகிறவர்களிடமிருந்து பாதுகாக்கிறீர்களா என்ற கேள்விக்கு விடையாக, பாதுகாத்தல் ‘மேம்படுத்தல்’ ஆனது. வேலை அப்படியே இருந்தது.

2024 நவம்பரில் நடந்தது வேறு ரகம். இத்தாலியின் ரஃபாயேலே ஃபித்தோ, வலதுசாரித் தலைவர் மெலோனியின் கட்சிக்காரர், அவருக்குச் செயல் துணைத் தலைவர் பதவி கூடாது என்றார்கள் சோசலிஸ்டுகள். வலென்சியா வெள்ளத்தில் 200 பேருக்கு மேல் இறந்ததற்கு ஸ்பெயின் அமைச்சராக இருந்த சோசலிஸ்ட் தெரேசா ரிபேரா பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள் எதிர்ப்பக்கத்து மக்கள் கட்சியினர். உன் ஆளை நான் பிடித்துவைக்கிறேன், என் ஆளை நீ பிடித்துவை. ஆறு செயல் துணைத் தலைவர்களின் முடிவும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு, பிறகு ஒரே மூட்டையாகவே அவிழ்க்கப்பட்டது. நவம்பர் 27 அன்று முழுக் குழுவுக்கான வாக்கெடுப்பில் 370 ஆதரவு, 282 எதிர்ப்பு, 36 நடுநிலை. ஜூலையில் தலைவருக்குக் கிடைத்த 401ஐ விடக் குறைவு.

இலாகா கிடைத்தவுடன் ஆணையர் தன்னிச்சையாக முடிவெடுத்துவிடவும் முடியாது. முக்கிய முடிவுகள் 27 பேரின் பெயரில்தான் வெளியாகும். அவர்களின் அலுவலகத் தலைவர்கள் திங்கள்கிழமை கூடி முடிச்சுகளை அவிழ்ப்பார்கள், ஆணையர்கள் புதன்கிழமை கூடுவார்கள். வாக்கெடுப்பு என்று வந்தால் 14 பேர் போதும், வருவதுதான் அபூர்வம். ஆகவே ஆணையரின் நாடு எது என்பது தன் இலாகாவில் மட்டுமல்ல, அந்த மேசையில் அடுத்தவர் கோப்பைப் பார்க்கும்போதும் வெளிப்படும். இலாகா எதுவானாலும் நாற்காலி முக்கியம் என்று சின்ன நாடுகள் சொல்வது இதனால்தான்.

கடைசியாக, இலாகா நாட்டுக்குச் சொந்தமா என்ற கேள்வி. 2016இல் பிரெக்சிட் வாக்கெடுப்பு முடிந்த சூட்டோடு ஜோனதன் ஹில் விலகினார். நிதிச் சேவை தொம்ப்ரோவ்ஸ்கிஸிடம் போனது. பிரிட்டன் அனுப்பிய அடுத்தவருக்குப் பாதுகாப்பு ஒன்றியம் என்று புதிதாக ஒன்றைத் தைத்துக் கொடுத்தார்கள். அதாவது வெளியேறப் போகிறவர்களுக்கு அது போதும்.

அயர்லாந்துக்கு அந்தச் சாக்கும் இல்லை. அவர்களின் ஃபில் ஹோகன் வர்த்தக ஆணையர். பிரெக்சிட் பேச்சு நடக்கும் நேரத்தில் டப்ளினுக்கு அதைவிட நல்ல இலாகா வாய்த்திருக்காது. 2020 ஆகஸ்டில், கொரோனா கட்டுப்பாடு இருக்கும்போது, கால்வே மாவட்டத்தில் ஒரு கோல்ஃப் சங்கத்தின் விருந்துக்குப் போனார். 80 பேருக்கு மேல் கூடிய விருந்து. சொந்த அரசின் தலைவர்களே பதவியைப் பற்றி யோசிக்கச் சொன்னார்கள், ஒரு வாரத்தில் விலகினார். வான் டெர் லேயன் அயர்லாந்திடம் இரண்டு பெயர் கேட்டார். இரண்டையும் வாங்கிக்கொண்டு மேரேட் மெக்கின்னஸைத் தேர்ந்தெடுத்தார், வர்த்தகத்தை அதே தொம்ப்ரோவ்ஸ்கிஸிடம் தூக்கிக் கொடுத்தார். அவர் கையிலிருந்து காலியான நிதிச் சேவைதான் மெக்கின்னஸுக்குக் கிடைத்தது.